டிஸ்க் நிறைந்துவிட்டதா? டிஎஃப், டியூ தரும் இரண்டு கணக்கு

டிஸ்க் நிறைந்துவிட்டால் கணினி அதை நேராகச் சொல்வது அரிது. லினக்ஸ் கணினியில் பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடிப்பீர்கள். திரை ஒரு கணம் இருண்டு, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும். இணையதளம் திறக்கும், ஆனால் யாராலும் புதிதாக எதையும் பதிவு செய்ய முடியாது. அப்டேட் பாதியில் நின்றுபோகும். லாக் ஃபைலைத் தேடிப் பார்த்தால்தான், சாதனத்தில் இடமில்லை என்ற பொருளில் ஒரு வரி இருப்பது தெரியும்.

இந்த நேரத்தில் மவுஸால் கிளிக் செய்யும் நிரல்களை நம்ப முடியாது. அவை திறப்பதற்கே தற்காலிக ஃபைல் எழுத இடம் வேண்டும். எங்கோ இருக்கும் சர்வருக்கு அப்படிப்பட்ட திரையே பெரும்பாலும் இருக்காது. கைகொடுப்பவை டெர்மினலில் தட்டும் இரண்டு சின்னக் கட்டளைகள்: டிஎஃப், டியூ. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. இரண்டு கட்டளைகளும் அதிலேயே உண்டு. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, நம் நாட்டில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், ஆப்பிளின் மேக் என்று யூனிக்ஸ் வழி வந்த எதிலும் இவை இன்றும் இருக்கின்றன. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். டிஎஃப் என்றால் டி, எஃப் என்ற இரண்டு எழுத்து. டியூ என்றால் டி, யூ. சிறு கோட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுங்கள். பின்னால் விடக் கூடாது.

இரண்டும் கேட்பது வேறு வேறு கேள்வி

டிஎஃப், டிஸ்கில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று சொல்லும். டியூ, எந்த ஃபோல்டர் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும். இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. இரண்டும் அந்தப் பதிலை எங்கிருந்து எடுக்கின்றன என்பது தெரிந்தால்தான் இவற்றை முழுதாகப் பயன்படுத்த முடியும்.

ஒரு நெல் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. வாசலில் இருக்கும் இருப்புப் பதிவேட்டைப் புரட்டிக் கடைசி வரியைப் பார்க்கலாம். அல்லது உள்ளே போய் மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். டிஎஃப் பதிவேட்டைப் பார்க்கும் ஆள். டியூ மூட்டை எண்ணும் ஆள்.

டிஸ்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் ஃபைல் சிஸ்டம், இடத்தைப் பிளாக் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து, தன்னிடம் மொத்தம் எத்தனை பிளாக், அதில் எத்தனை காலி என்ற எண்ணிக்கையை எப்போதும் கையில் வைத்திருக்கும். டிஎஃப் அதைக் கேட்டு வாங்கி அப்படியே காட்டுகிறது. அதனால்தான் பெரிய டிஸ்காக இருந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்துவிடுகிறது. டியூவுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கி, ஒவ்வொரு ஃபைலையும் விசாரித்து, கூட்டிக்கொண்டே வர வேண்டும். லட்சக்கணக்கில் ஃபைல் இருந்தால் பல நிமிடம் ஆகும். தொங்கிவிட்டதோ என்று பயந்து நிறுத்த வேண்டாம், எண்ணிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

டிஎஃப் காட்டும் வரியைப் படிப்பது

முதலில் இதைத் தட்டுங்கள்:

டிஎஃப் -எச்

எச் சேர்க்காவிட்டால் லினக்ஸில் எண்கள் கிலோபைட் கணக்கில் நீளநீளமாக வரும். எச் சேர்த்தால் ஜிபி, எம்பி என்று படிக்கிற மாதிரி வரும். 500 ஜிபி என்று சொல்லி வாங்கிய டிஸ்க் உள்ள ஒரு கணினியில் முக்கியமான வரி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

/டெவ்/எஸ்டிஏ2   458ஜி   412ஜி   23ஜி   95%   /

இடமிருந்து வலமாக: டிஸ்க் பகுதியின் பெயர், மொத்த அளவு, பயன்பட்டது, கிடைப்பது, சதவீதம், அந்தப் பகுதி எந்த ஃபோல்டரில் இணைந்திருக்கிறது என்பது. கடைசியில் உள்ள சாய்கோடு, எல்லா ஃபோல்டருக்கும் தலையான ரூட் ஃபோல்டரைக் குறிக்கும்.

இந்த ஒரே வரியில் இரண்டு இடங்களில் கணக்கு உதைக்கும். கடைக்காரர் 500 ஜிபி என்றார், இங்கே 458 தான் இருக்கிறது. டிஸ்க் தயாரிப்பாளர்களுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். டிஎஃப் -எச் காட்டும் ஒரு ஜி, 1024-ஐ மூன்று முறை பெருக்கிய அளவு, அதாவது 107 கோடிக்குச் சற்று மேல். இதிலேயே 500 என்பது சுமார் 466 ஆகிவிடுகிறது. மீதிச் சில ஜிபியை ஃபைல் சிஸ்டம் தன் சொந்தக் கணக்குகளை எழுதிக்கொள்ள எடுத்துக்கொள்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, டிஸ்கும் கெடவில்லை. விண்டோஸ் இதே டிஸ்கை 465 ஜிபி என்று காட்டும். மேக் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பு முதல் தயாரிப்பாளர் கணக்கையே பின்பற்றி 500 என்று காட்டும்.

இன்னோர் இடம்: பயன்பட்டது 412, கிடைப்பது 23, கூட்டினால் 435. மொத்தமோ 458. நடுவில் 23 ஜிபி எங்கே போனது? லினக்ஸில் மிகப் பரவலாக இருக்கும் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட் என்னும் நிர்வாகிக்காக ஒதுக்கி வைக்கிறது. சாதாரணப் பயனர் டிஸ்கை முழுதாக நிரப்பிவிட்டாலும், நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்யக் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. 95% என்ற எண்ணும் இந்த ஒதுக்கீட்டைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்குதான்: 412-ஐ 435-ஆல் வகுத்தால் வருவது.

ரூட் டிஸ்கில் இந்த ஒதுக்கீட்டைத் தொடாதீர்கள். ஆனால் படமும் பாட்டும் மட்டும் வைக்கும் 4 டிபி டிஸ்கில் 5 சதவீதம் என்றால் 200 ஜிபி சும்மா கிடக்கிறது. அப்படிப்பட்ட டிஸ்கில் டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளையால் ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

டிஎஃப் பட்டியலில் டிஎம்பிஎஃப்எஸ் என்று வரும் வரிகள் ரேமில் இருப்பவை. டிஸ்குக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. உபுண்டுவில் லூப் என்ற பெயரில் சில வரிகள் எப்போதும் 100% காட்டும். அவை ஸ்னாப் வழியாக நிறுவிய செயலிகள். படிக்க மட்டுமே முடியும் என்று அடைத்து வைத்த பொட்டலங்கள் என்பதால் அவற்றில் காலி இடம் என்ற பேச்சே கிடையாது. இந்த இரைச்சல் வேண்டாம் என்றால் எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அதைச் சொல்லிக் கேளுங்கள்:

டிஎஃப் -எச் /

முடிவில் சாய்கோட்டுக்குப் பதிலாக ஒரு புள்ளி வைத்தால், நீங்கள் இப்போது நிற்கும் ஃபோல்டர் எந்த டிஸ்கில் இருக்கிறதோ அதன் கணக்கு மட்டும் வரும்.

இடத்தைத் தின்பது எது: டியூ

95% என்று தெரிந்தாயிற்று. யார் தின்றது என்று டிஎஃப் சொல்லாது. இங்கே டியூ வருகிறது. ஒரே ஒரு ஃபோல்டரின் மொத்தம் வேண்டுமானால்:

டியூ -எஸ்எச் ஃபோல்டர்பெயர்

எஸ் என்பது மொத்தத்தை மட்டும் காட்டச் சொல்வது. அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு துணை ஃபோல்டருக்கும் ஒரு வரி என்று திரை ஓடிக்கொண்டே இருக்கும். முழு டிஸ்கையும் ஆராய வேண்டுமானால் இந்த வரி போதும்:

சூடோ டியூ -எக்ஸ்எச் -டி 1 / | சார்ட் -எச்

நீளமாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் இருக்கிறது. சூடோ, நிர்வாகி உரிமையில் ஓடச் சொல்கிறது. அது இல்லாமல் ஓட்டினால் அனுமதி இல்லாத ஃபோல்டர்களின் உள்ளே டியூ போக முடியாது, கூட்டுத்தொகை குறைவாக வரும். எக்ஸ், இந்த ஒரு டிஸ்க் பகுதியை விட்டு வெளியே போகாதே என்கிறது; இது விடுபட்டால் செருகியிருக்கும் பென் டிரைவையும் சேர்த்து எண்ணிக் குழப்பும். டி 1, ஒரே ஒரு படி ஆழம் வரை மட்டும் காட்டு என்பது. செங்குத்துக் கோடு, டியூவின் விடையைச் சார்ட் கட்டளைக்குத் தள்ளிவிடுகிறது. அது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிறது. ஆகவே பெரிய ஆசாமிகள் பட்டியலின் அடியில் வந்து நிற்பார்கள்.

ஒரு சர்வரில் இது நடக்கும் விதத்தைப் பாருங்கள். கடைசி வரியில் ரூட் ஃபோல்டரின் மொத்தம், அதற்கு மேலே /வார் என்ற ஃபோல்டர் 340ஜி என்று வருகிறது. மேல் அம்புக் குறியைத் தட்டினால் பழைய கட்டளை திரும்ப வரும்; சாய்கோட்டை /வார் என்று மாற்றித் தட்டுகிறீர்கள். இப்போது /வார்/லாக் 290ஜி என்கிறது. அதற்குள்ளும் ஒரு முறை. கடைசியில், பல மாதமாக யாரும் திரும்பிப் பார்க்காத ஒரே ஒரு லாக் ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் வந்து நிற்கிறது. பெரும்பாலும் மூன்று நான்கு படி இறங்கினால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

இப்படித் திரும்பத் திரும்பத் தட்டச் சலிப்பாக இருந்தால் என்சிடியூ என்ற இலவச நிரலை நிறுவிக்கொள்ளலாம். அதுவும் டெர்மினலில்தான் ஓடும். ஒரு முறை எண்ணி முடித்துவிட்டு, அம்புக் குறிகளால் ஃபோல்டருக்குள் போய்வர விடும். ஆனால் டிஸ்க் முழுதாக நிறைந்தபின் அதை நிறுவுவதற்கும் இடம் இருக்காது. முன்னதாகவே போட்டு வையுங்கள்.

டியூ எண்ணுவது ஃபைல் பிடித்திருக்கும் இடத்தை. ஃபைலின் நீளத்தை அல்ல. ஈஎக்ஸ்டி4 பொதுவாக 4 கிலோபைட் பிளாக்குகளாக இடம் கொடுக்கிறது. ஒரே ஓர் எழுத்து மட்டும் உள்ள ஃபைலும் ஒரு முழு பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும். குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் அவற்றின் உண்மையான நீளத்தைவிட டியூ காட்டும் அளவு பல மடங்கு கூடுதலாக இருக்கும். மறுபக்கமும் உண்டு. விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் ஃபைல் 100 ஜிபி என்று எல்எஸ் கட்டளை காட்டும். டியூ 12 ஜிபி என்னும். உள்ளே இன்னும் எதுவும் எழுதப்படாத பகுதிகளுக்கு டிஸ்கில் இடமே கொடுக்கப்படவில்லை என்பதுதான் காரணம்.

இரண்டு கணக்கும் ஒத்துப்போகாதபோது

டிஎஃப் 412 ஜிபி போய்விட்டது என்கிறது. டியூ எண்ணிப் பார்த்து 350 தான் என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் இருந்தும் கண்ணில் படாத 62 ஜிபி எங்கோ இருக்கிறது. அது இருக்கக்கூடிய இடங்கள் சிலவே.

அடிக்கடி மாட்டுவது, அழித்தும் அழியாத ஃபைல். நிர்வாகி ஒருவர் அந்தப் பெரிய லாக் ஃபைலைக் கண்டுபிடித்து அழித்துவிடுகிறார். டிஎஃப் போட்டுப் பார்த்தால் ஒரு ஜிபிகூடக் குறையவில்லை. காரணம், யூனிக்ஸில் ஃபைலின் பெயரும் உள்ளடக்கமும் தனித்தனி. அழிக்கும் கட்டளை ஃபோல்டரிலிருந்து பெயரைத்தான் எடுக்கிறது. எந்த நிரலாவது அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருந்தால், உள்ளடக்கம் டிஸ்கிலேயே இருக்கும். நிரல் அதில் தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கும். பெயர் இல்லாததால் டியூ கண்ணில் அது படாது. பிளாக்குகள் காலியாகாததால் டிஎஃப் அதைக் கழிக்காது. கண்டுபிடிக்க:

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து. பெயர் போன பின்னும் திறந்திருக்கும் ஃபைல்களும், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் நிரல்களும் பட்டியலாக வரும். அந்த நிரலை மறுபடி துவக்கினால் இடம் உடனே திரும்பிவிடும். இனிமேல் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாகை அழிக்காதீர்கள்; ‘ட்ரன்கேட் -எஸ் 0 ஃபைல்பெயர்’ என்று தட்டி உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யுங்கள்.

அடுத்தது, மூடி மறைந்த ஃபைல்கள். பேக்கப் எடுக்க வெளி டிஸ்க் ஒன்றை ஒரு ஃபோல்டரில் இணைத்திருப்பீர்கள். ஒரு நாள் இரவு கேபிள் கழன்று அந்த டிஸ்க் இணையவில்லை. பேக்கப் நிரலுக்கு அது தெரியாது. அதே ஃபோல்டரில், அதாவது உங்கள் ரூட் டிஸ்கில், முழுவதையும் கொட்டிவிடுகிறது. காலையில் டிஸ்கை இணைத்ததும் அது அந்த ஃபோல்டரின் மேல் வந்து உட்கார்ந்து, கொட்டியதையெல்லாம் மறைத்துவிடுகிறது. டியூவால் அடியில் பார்க்க முடியாது. வெளி டிஸ்கைக் கழற்றிவிட்டு அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். கழற்ற முடியாத சர்வர் என்றால், மவுண்ட் கட்டளையின் பைண்ட் வசதியால் ரூட் ஃபோல்டரை இன்னொரு காலி ஃபோல்டரில் காட்டி, அங்கே டியூ ஓட்டலாம்.

மேக்கிலும், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டங்களைப் பயன்படுத்தும் கணினிகளிலும், ஒரு நேரத்தில் டிஸ்க் இருந்த நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டுகள் இதே வேறுபாட்டை உண்டாக்கும். ஃபைலை இன்று அழித்தாலும், நேற்று எடுத்த ஸ்னாப்ஷாட் அதைக் காப்பாற்றி வைத்திருப்பதால் இடம் விடுபடாது. பழைய ஸ்னாப்ஷாட்டை நீக்கினால்தான் விடுபடும்.

இடம் இருந்தும் இடமில்லை என்றால்

விசித்திரமான நிலை ஒன்று உண்டு. டிஎஃப் 40% தான் என்கிறது. ஆனால் ஒரு காலி ஃபைலைக்கூட உருவாக்க முடியவில்லை, இடமில்லை என்ற அதே பிழைதான் வருகிறது. அப்போது இதைத் தட்டுங்கள்:

டிஎஃப் -ஐ

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல் சிஸ்டத்தில் ஐநோட் என்ற ஒரு பதிவு வேண்டும். யாருடைய ஃபைல், எவ்வளவு நீளம், எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஈஎக்ஸ்டி4 டிஸ்கை வடிவமைக்கும்போதே இத்தனை ஐநோட் என்று முடிவாகிவிடுகிறது. வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று. 100 ஜிபி டிஸ்கில் சுமார் 65 லட்சம் வரும். சாதாரணப் பயன்பாட்டுக்கு இது தாராளம். ஆனால் மெயில் வரிசை சிக்கிக்கொண்ட சர்வரிலும், வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு செஷன் ஃபைல் எழுதிவிட்டு அழிக்க மறந்த இணையதளத்திலும், குட்டி ஃபைல்கள் பெருகி ஐநோட் தீர்ந்துபோகும். பிளாக் காலியாக இருந்தும் பயனில்லை.

எந்த ஃபோல்டரில் ஃபைல்கள் குவிந்திருக்கின்றன என்று டியூவையே கேட்கலாம். லினக்ஸில் அதற்கு --ஐநோட்ஸ் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், அளவுக்குப் பதிலாக எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகியவை ஐநோட்டுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

எதைக் கழிக்கலாம்

டெபியன், உபுண்டு வகைகளில் முதல் கழிவு ‘சூடோ ஆப்ட் கிளீன்’. நிறுவி முடித்த பின்னும் தங்கியிருக்கும் பொட்டலங்களை அது நீக்கும். ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ இனித் தேவைப்படாத பழைய கெர்னல்களை எடுத்துவிடும். சிஸ்டம்டி வைக்கும் லாகுகளை ‘சூடோ ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=500எம்’ என்று தட்டி 500 எம்பி அளவுக்குச் சுருக்கலாம். இங்கே கடைசி எம் பெரிய எழுத்து. டாக்கர் ஓடும் கணினியில் ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ அதன் பங்கைத் தனியாகக் காட்டும். வீட்டுக் கணினியில் குப்பைத்தொட்டியை மறக்க வேண்டாம். அழித்த ஃபைல்கள் அதே டிஸ்கில்தான் அங்கே காத்திருக்கின்றன.

டியூ பெரிதாகக் காட்டுகிறது என்பதற்காக /யுஎஸ்ஆர், /லிப், /பூட் ஃபோல்டர்களுக்குள் கைவைத்து அழிக்காதீர்கள். அவை இயங்குதளத்தின் உறுப்புகள். அவற்றைக் குறைக்கும் வேலையை ஆப்ட் போன்ற நிறுவும் கருவியிடமே விடுங்கள். டேட்டாபேஸ் ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களும் அப்படித்தான். லாக் என்று பெயர் இருந்தாலும், தரவை மீட்பதற்கு அந்த டேட்டாபேஸே நம்பியிருக்கும் ஃபைலாக அது இருக்கலாம்.

விண்டோஸ்காரர்களுக்கு டிஎஃப் கிடையாது. பவர்ஷெல் திறந்து ‘கெட்-வால்யூம்’ என்று தட்டினால் ஒவ்வொரு டிரைவின் மொத்த அளவும் மீதி அளவும் வரும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டிருந்தால் அதற்குள் டிஎஃப், டியூ இரண்டும் ஓடும்.

சர்வரைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் 100% வரும் வரை காத்திருக்கக் கூடாது. 80% தாண்டும்போதே டிஎஃப் போட்டு, டியூவால் எண்ணி, அன்றைய கணக்கை ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த மாதம் இதே எண்களை எடுத்தால் எந்த ஃபோல்டர் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது தெரியும். லாகைச் சுருக்கினால் போதுமா, புது டிஸ்க் வாங்கத்தான் வேண்டுமா என்பதை அந்த வேகத்தை வைத்து முடிவு செய்யலாம்.